மூன்றாம் அங்கத்தில் ஒரு குரல்

1

செப்டம்பர் கடைசியில் இங்கே வானொலி நிலையம் ஒன்றிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மொன்றியலில் நான் பாடிய ஓபரா ஒன்றை அவர்கள் அரங்கிலிருந்தே நேரடியாகப் பதிவுசெய்து வைத்திருந்தார்களாம். இப்போது பழைய பதிவுகளைத் துப்புரவாக்கி ஞாயிறு பின்நேரங்களில் ஒலிபரப்புகிறார்கள். என் சம்மதம் வேண்டும். கையெழுத்து வைக்கும் இடத்துக்கு மேலே பிரெஞ்சில் இன்னொரு பந்தி இருந்தது: "மூன்றாம் அங்கத்தின் முடிவில் ஏழு செக்கன் நீளமான மண்டப இரைச்சல் உள்ளது. எங்கள் தொழில்நுட்பவியலாளர் அதைத் தடயம் தெரியாமல் அகற்றிவிடுவார். உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" உண்டு, இல்லை என்று இரண்டு பெட்டிகள்.

அந்த ஏழு செக்கன் என்னவென்று எனக்குத் தெரியும். அது என் அம்மா.

மன்னாரிலிருந்து இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கு என்னை ஞாபகம் இருக்கலாம். கோயில் பாடகர் குழாமில் முன்வரிசையில் நின்ற மரிய ஸ்டெல்லா. ரீச்சருடைய மூத்த மகள். எனக்குப் பக்கத்தில் இரண்டாம் குரல் பாடியது என் தங்கச்சி ஜெசிந்தா. அவளைத்தான் கூடுதலான பேருக்கு ஞாபகம் இருக்கும். நான் பாட்டில் கவனமாக நிற்பேன், அவள் சனத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

இருபது வயதில் நான் இங்கே மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குக் கோயிலில் பாடினேன். அங்கே ஓர்கன் வாசித்தவர் மதாம் லூசி என்ற வயதான கியூபெக் பெண்மணி, ஒரு காலத்தில் ஓபராப் பாடகி. ஒருநாள் பூசை முடிந்ததும் என்னை நிறுத்தி, "நல்ல குரல். ஆனால் ஏன் யாரையோ எழுப்பிவிடுவோம் என்று பயந்து பாடுகிறாய்?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது பிரெஞ்சு அரைகுறை. விளங்கிய பிறகு முகம் சுட்டது. அவர் சொன்னது உண்மை. சண்டைக் காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, வாயைப் பாதி மூடிக்கொண்டுதான் நானும் ஜெசியும் பழகினோம். வெளியே சத்தம் போகக்கூடாது. மதாம் லூசி என் விலாவில் இரண்டு கையையும் வைத்து, "இங்கிருந்து பாடு. கடைசி வரிசையில் இருப்பவனுக்குக் கேட்கவேண்டும்" என்றார். அதற்குப் பழகவே எனக்கு மூன்று வருடம் எடுத்தது. பிறகு அவரே என்னைப் பல்கலைக்கழகத்தின் இசைப் பீடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டார்.

ஓபரா என்றால் எங்கள் நாட்டுக்கூத்து மாதிரித்தான். பேச்சே கிடையாது, கோபமும் காதலும் கடிதம் வாசிப்பதும் கூடப் பாட்டு. நான் சோப்பிரானோ, அதாவது பெண் குரல்களில் ஆக மேலே நிற்கிற குரல். மைக் இல்லை. அறுபது வாத்தியங்களுக்கு மேலால் எங்கள் தொண்டை ஒன்றே போய்ச் சேரவேண்டும். பல வருடம் கோரசில் நின்றேன். தனி வேடம் என்றால் வேலைக்காரி, குறி சொல்லுகிறவள், அடிமைப் பெண். என் நிறத்துக்கு அவைதான் வந்தன. கியூபெக்கின் சின்னச் சின்ன நகரங்களுக்கெல்லாம் வான் பிடித்துப் போய்ப் பனிக்குள் பாடியிருக்கிறேன். ஜெர்மனியில் ஒரு பருவகாலம். அதற்கிடையில் கல்யாணம், மகள் கமீல் என்கிற கமி பிறந்தது, கல்யாணம் முறிந்தது.

பெரிய மேடையில் நாயகி வேடம் வந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது.

2

அதற்கு ஒரு வருடம் முன்னர்தான் அம்மாவை இங்கே எடுப்பித்திருந்தேன்.

ஜெசி வன்னியில் கல்யாணம் முடித்துப் போனவள். சண்டையின் கடைசி மாதங்களில் சனத்தோடு சனமாகக் கடற்கரைப் பக்கம் போனாள். சனம் இராணுவப் பக்கம் வெளியே வந்த நாளில் வரிசையில் அவளைக் கண்டதாக ஒருவர் சொன்னார். நீல உடுப்பு, கையில் யாரோ ஒருவரின் கைக்குழந்தை. அதற்குப் பிறகு தகவல் இல்லை. அம்மா அவளுடைய படத்தைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுக்கொண்டு முகாம் முகாமாகத் திரிந்தார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு படிவம். எல்லாவற்றையும் ரீச்சர் எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பிக் கொடுத்தார்.

மொன்றியலிலும் படிவம்தான் முதலில் வந்தது. குடிவரவு அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் அதிகாரி. 'பிள்ளைகள்' என்ற இடத்தில் இரண்டாவது பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று நான் தயங்கினேன்.

"காணேல்லை எண்டு எழுது," என்றார் அம்மா.

நான் பிரெஞ்சில் 'டிஸ்பாறூ' என்று எழுதினேன். அகராதியில் பார்த்தால் 'காணாமல் போனவள்' என்ற பொருள்தான். அந்த அதிகாரி வாசித்துவிட்டு, அம்மாவை நிமிர்ந்து பார்த்து, மிக மரியாதையாக ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

அவர் துக்கம் தெரிவித்திருந்தார். பிரெஞ்சில் செத்துப்போனவர்களையும் அந்தச் சொல்லால்தான் மரியாதையாகச் சொல்வார்கள். காணாமல் போவதற்கும் சாவதற்கும் ஒரே சொல்.

"உங்களுக்கு நல்வரவு சொல்லுறார், அம்மா," என்றேன்.

அம்மா அவருக்குக் கைகூப்பினார்.

பங்கில் இருந்த தமிழ்ச் சுவாமியார் ஒருமுறை மெல்ல ஜெசிக்கு ஒரு இளைப்பாற்றிப் பூசை கொடுப்பது பற்றிக் கதைத்தார். அம்மா எழும்பிவிட்டார். "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு நான் ஏன் சுவாமி செத்த பூசை குடுக்கவேணும்?" என்று கேட்டார். அதன் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் ஜெசி இருந்தாள். கமி தண்ணீர்க் கிளாசை விளிம்பில் வைத்தால், "உவள் ஜெசியும் உப்பிடித்தான்" என்பார் அம்மா. நிகழ்காலத்தில்தான் சொல்வார்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. தனியே பாடிப் பழகும்போது, என் குரலுக்குக் கீழே இன்னொன்று ஒட்டிக்கொண்டு வருவது மாதிரி இருக்கும். நான் நிறுத்தினால் அதுவும் நிற்கும். சில வேளை அது அரைக் கணம் பிந்தி நிற்கும்.

3

ஓபராவில் சோப்பிரானோக்கள் பெரும்பாலும் சாகத்தான் வேண்டும். நோய், நஞ்சு, கத்தி. எனக்குக் கிடைத்தது கத்தி. மூன்றாம் அங்கத்தில் சந்தேகக்காரக் காதலன் குத்த, நான் மேடை நடுவில் விழவேண்டும். விழுந்த பிறகும் நாலு நிமிடம் இசை இருக்கிறது. அவன் என் மேல் குனிந்து அழுது பாடுவான். அந்த நாலு நிமிடமும் நான் சனத்தைப் பார்த்தபடி, தலைமயிர் விரிந்து, கண் திறந்தபடி கிடக்கவேண்டும் என்று நெறியாளர் சொல்லிவிட்டார். மூச்சை முதுகுப் பக்கமாக எடுக்கப் பழகினேன். வயிறு உயர்ந்தால் முன்வரிசைக்குத் தெரிந்துவிடும்.

அது ஞாயிறு பின்நேரக் காட்சி. அம்மாவுக்கும் ஒன்பது வயதுக் கமிக்கும் கீழ்த்தட்டில் இடம் எடுத்துக் கொடுத்திருந்தேன். காலையில் அம்மா சேலையை மடிப்பு எடுத்துக்கொண்டே விசாரித்தார்.

"கடைசியில நீ சாகிறியோ?"

"ஓம் அம்மா."

"பேந்து?"

"பேந்து திரை திறக்கும். எழும்பி வந்து கும்பிடுவம்."

"அப்ப கூத்து மாதிரித்தான். செத்தவனும் வந்து மங்களம் பாடுவான்," என்று சிரித்தார். கூத்துப் பார்த்து வளர்ந்த மனுஷி. மேடையில் நடப்பது எது, நிசம் எது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பிறகு நடந்ததற்கு அறியாமைதான் காரணம் என்று யாரும் நினைக்கக்கூடாது.

அன்று என் குரல் என்னுடைய வாழ்க்கையிலேயே நன்றாக இருந்தது. முதல் அங்கத்திலேயே தெரிந்துவிட்டது. மேல் ஸ்தாயியில் எங்கே காலை வைத்தாலும் நிலம் இருந்தது. மூன்றாம் அங்கத்தில் குத்து விழுந்தது, நான் விழுந்தேன். விளக்கு முகத்தில் அடித்தது. அதற்கு அப்பால் ஒரே இருட்டு. காதலனாக நடித்த தெனோர் பாடத் தொடங்கினான்.

இரண்டு நிமிடம் போயிருக்கும். எக்காளங்கள் எழும்பும் இடம். அந்த இருட்டுக்குள் இருந்து தமிழில் ஒரு குரல் வந்தது.

"எழும்பு..."

அதற்கு அடுத்த சொல்லை எக்காளம் விழுங்கிவிட்டது.

"எழும்பன் பிள்ளை! அம்மா வந்திட்டனெல்லே, எழும்பன்!"

நான் அசையவில்லை. இருபது வருடப் பயிற்சி என்னை நிலத்தோடு பிடித்து வைத்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எனக்கு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கதிரைகள் சரசரத்தன. யாரோ 'ஷ்ஷ்' என்றார்கள். ஒரு கதவு திறந்து மூடியது. தெனோரின் கை என் தோளில் இறுகியது, ஆனால் அவன் பாட்டை விடவில்லை. நான் அடுத்த இரண்டு நிமிடமும் பிணமாகவே கிடந்தேன்.

திரைக்குப் பின்னால் இசை நடத்துநர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "யார் அது? உனக்குத் தெரிந்தவரா?" என்று கேட்டார்.

"தெரியாது," என்றேன். கோயிலில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், சேவல் கூவமுன் சீடன் ஒருவன் சொன்ன அந்தப் பொய் எவ்வளவு பழையது என்று.

அம்மா ஒப்பனை அறை வாசலில், குளிர்க்கோட்டுப் பொத்தான்கள் எல்லாம் பூட்டியபடி நின்றார். கமி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உள்ளுக்க வெக்கை. தலை சுத்தினது, வெளியில கூட்டிக்கொண்டு வந்திட்டினம்," என்றார். பிறகு, "நல்லாப் பாடினாய் பிள்ளை," என்றார்.

கூப்பிட்டது பற்றி அவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவருடைய வாழ்நாள் முழுக்கக் கேட்கவில்லை.

4

அடுத்த காட்சியில் விழுந்து கிடக்கும்போது எக்காளம் வரும் இடத்தை எதிர்பார்த்தேன். தோள் நடுங்கியது. அதற்கு அடுத்ததில் இன்னும் மோசம். முன்வரிசையில் ஒரு சிரிப்புக் கேட்டது. "செத்தவள் குளிரில் நடுங்கினாள்" என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். அடுத்த பருவத்தில் வேறு நாடகம், வேறு சாவு. அங்கேயும் அதே நடுக்கம். இப்போது குரலும் தொட்டுக்கொண்டது. விழப்போகிறோம் என்று தெரிந்த கணத்திலிருந்து மேல் ஸ்தாயி இறுகத் தொடங்கியது. சாகத் தெரியாத சோப்பிரானோவை யார் வைத்திருப்பார்கள்? இரண்டு வருடத்தில் அழைப்புகள் நின்றன. நகரத்து ஓரத்தில் இல்-பிசாரில் ஒரு வீட்டின் கீழ் அறையை வாடகைக்கு எடுத்துப் பிள்ளைகளுக்குக் குரல் பழக்கத் தொடங்கினேன். இன்றைக்கும் அதுதான் தொழில்.

பெற்ற தாய் எழும்பு என்று கூப்பிட்டார், நான் எழும்பவில்லை, கேட்டவருக்கு அவரைத் தெரியாது என்றும் சொன்னேன். என் குரல் போனதற்கு நான் வைத்திருந்த கணக்கு அவ்வளவுதான்.

அந்தக் காட்சி நடந்து இரண்டு கிழமையில் வீட்டில் இன்னொன்றும் நடந்தது. அம்மா பங்குக்குப் போய், தானாகவே, ஜெசிக்கு இளைப்பாற்றிப் பூசை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"வாற சனிக்கிழமை. நீதான் பாடவேணும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன தகவல் வந்தது உங்களுக்கு? ஆர் சொன்னது? இவ்வளவு காலமும் உயிரோட இருக்கிறாள் எண்டு போட்டு, இப்ப என்ன, களைச்சுப் போனியளோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"அப்ப நான் பாடமாட்டன். நான் அவளைச் சாக விடமாட்டன்."

அம்மா கழற்றிய சப்பாத்தை ஓரமாக வைத்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "சரி. உன்ர விருப்பம்," என்று குசினிக்குள் போய்விட்டார்.

பூசைக்கு நான் போகவில்லை. பாட்டில்லாமல் நடந்தது. அதன் பிறகு அம்மா ஜெசியைப் பற்றிப் பேசும்போது இறந்தகாலத்தில் பேசினார். "உவள் ஜெசியும் உப்பிடித்தான் இருந்தவள்." அந்த ஒரு சொல்லுக்காக நான் அவரோடு மாதக்கணக்கில் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அம்மா மூன்று வருடத்துக்கு முன் காலமானார். அவருடைய குரல் என்னிடம் எங்கேயும் இல்லை. போனில் விட்ட தகவல்கள்கூடப் போன் மாற்றும்போது அழிந்துபோயின.

5

வானொலிக் கடிதத்தில் எத்தியேன் என்ற பெயரும் இலக்கமும் இருந்தன. கூப்பிட்டு, முடிவு சொல்ல முன் அந்த இடத்தை ஒருக்கால் கேட்க முடியுமா என்று கேட்டேன். இளம் பொடியன் குரல், நல்ல பண்பு. அன்று பின்நேரமே அனுப்பிவிட்டான். மேடை மைக்குகளை அணைத்துவிட்டு மண்டப மைக்கை மட்டும் வைத்து ஒரு துண்டும், முழு இசையோடு இன்னொரு துண்டும்.

தனியே கேட்கப் பயமாக இருந்தது. கமிக்குச் சொன்னேன். அவளுக்கு இப்போது இருபத்தொரு வயது, கோட்-டெ-நெய்ஜில் சிநேகிதிகளோடு அறை எடுத்துப் படிக்கிறாள். என்னோடு பிரெஞ்சில்தான் கதைப்பாள். தமிழ் விளங்கும், வாயில் வராது. இல்-பிசாருக்கு பஸ் குறைவு என்று மாதத்தில் ஒருமுறைதான் எட்டிப் பார்ப்பாள். அன்று கேட்டதும் வந்துவிட்டாள். பியானோவுக்குப் பக்கத்தில் இருவரும் இருந்தோம். நான் மண்டபத் துண்டை அழுத்தினேன்.

இசை எங்கோ தூரத்தில் கேட்டது. யாரோ இருமினார்கள். பிறகு பக்கத்து அறையில் நின்று கூப்பிடுவதுபோல அவ்வளவு தெளிவாக:

"எழும்பு ஜெசி! எழும்பன் பிள்ளை! அம்மா வந்திட்டனெல்லே, எழும்பன்!"

நான் திரும்பவும் போட்டேன். எக்காளம் பன்னிரண்டு வருடமாக விழுங்கி வைத்திருந்த சொல் அதுதான். என் பெயர் இல்லை.

"ஜெசி எண்டு," என்றேன்.

கமி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்," என்றாள் பிரெஞ்சில். "நான் பக்கத்தில் இருந்தேனே."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அம்மம்மா சொல்ல வேண்டாம் என்றார். உங்களுக்குக் கவலையாக இருக்கும் என்று. நீங்கள் கஷ்டப்பட்டுப் பாடும்போது அவர் வேறு பெயரைக் கூப்பிட்டுவிட்டார் அல்லவா."

"வெளியில போய் என்ன செய்தவா?"

கமி யோசித்தாள். "அழவில்லை. வாசலில் ஒரு நீளமான வாங்கு இருந்தது. அதில் இருந்தோம். ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், குடித்தார். பிறகு என் கையைத் தடவிக்கொண்டு ஒரு சொல் சொன்னார். இரண்டு மூன்று தடவை." அவள் தமிழுக்கு மாறினாள். நாக்கு இடறியது. "பாத்திட்டன். பாத்திட்டன், எண்டு."

"அப்பிடியோ சொன்னவா?"

"ஓம். நான் நினைத்தேன், நாடகம் பார்த்தது போதும், வீட்டுக்குப் போவோம் என்று சொல்கிறார் என்று."

என்னால் இருக்க முடியவில்லை. எழும்பிப் போய் யன்னலடியில் நின்றேன். அம்மா எத்தனை முகாமில், எத்தனை ஆஸ்பத்திரியில், எத்தனை படப் புத்தகத்தில் தேடியிருப்பார். அவருக்குக் காட்ட யாரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. ஒரு ஞாயிறு பின்நேரம், குளிர்நாட்டில், சிவப்புக் கதிரை ஒன்றில் இருந்து அவர் தன் பிள்ளை நிலத்தில் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நெற்றி, ஒரே தலைமயிர். கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பிள்ளை எழும்பவில்லை. பிறகுதான் போய்ப் பூசை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நான் அசைந்திருந்தால் அவருக்கு அதுவும் கிடைத்திராது. பன்னிரண்டு வருடமாக எந்த நாலு நிமிடத்துக்காக நான் என்னை மன்னிக்காமல் இருந்தேனோ, அதை வைத்துத்தான் அம்மா தன் பிள்ளையை அடக்கம் செய்திருக்கிறார். அந்த அடக்கத்துக்கு என்னைப் பாடக் கூப்பிட்டார். நான் போகவில்லை.

கமி பின்னால் வந்து நின்றாள். என்னைத் தொடவில்லை. "நான் சொல்லியிருக்க வேண்டுமா?" என்று கேட்டாள். ஒன்பது வயதுக் குரல்.

"இல்லையம்மா. நான்தான் கேட்டிருக்கவேணும்."

மறுநாள் எத்தியேனைக் கூப்பிட்டு, அகற்ற வேண்டாம் என்றேன். அவன் தயங்கினான். கேட்பவர்கள் முறைப்பாடு செய்வார்கள், மிக அழகான இடம், குரல் உச்சத்தில் நிற்கிற பதிவு என்றான்.

"அது இரைச்சல் இல்லை, மிஸ்யூ. என் அம்மா."

"என்ன சொல்கிறார் என்று கேட்கலாமா?" என்றான்.

"மகளை எழுப்புகிறார்."

"உங்களையா?"

"இல்லை," என்றேன். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒக்டோபரில் ஒரு ஞாயிறு அதை அப்படியே ஒலிபரப்பினார்கள். கமியும் வந்திருந்தாள். முறைப்பாடு ஏதும் வந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

6

நவம்பர் எங்களுக்கு உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம். பங்கில் ஒரு சின்னத் தாள் தருவார்கள். இறந்த உறவுகளின் பெயர்களை எழுதிப் பீடத்துக்கு முன்னால் இருக்கும் பெட்டியில் போட்டால் மாதம் முழுக்கப் பூசையில் நினைப்பார்கள். அம்மா இருக்கும்வரை அவர்தான் எழுதினார்: அப்பாவின் பெயர், அதன் கீழே ஜெசியின் பெயர். அம்மா போன பிறகு நான் எழுதுகிறேன். அப்பா, அம்மா. அதோடு மடித்துவிடுவேன்.

இந்த முறை மடிக்காமல் வைத்திருந்தேன். பூசை முடிந்து சனம் கலைந்துவிட்டது. மெழுகுதிரி அணைக்க வந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு, "அவசரமில்லை அக்கா, எழுதுங்கோ," என்று சொல்லிப் போனாள். கடைசியில் எழுதினேன். முழுப் பெயர், மரிய ஜெசிந்தா. பேனை நன்றாக அழுந்தி எழுதியது. பெட்டியில் போட்டேன். யாருமில்லாத கோயிலில் மெல்லிய குரலில், அன்று நான் பாட மறுத்த பாட்டைப் பாடினேன். முதற் குரல் மட்டும். கீழே ஒன்றும் வரவில்லை. அதை நல்லதென்று எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்து பஸ் ஏறினேன். சனம் அவ்வளவாக இல்லை. முன்பக்கத்தில், எனக்குப் பாதி முதுகு காட்டிக்கொண்டு, நீலக் கோட்டுப் போட்ட ஒரு எங்கட பெண். தடித்த பின்னல். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிப் பிடித்திருந்த விதம். ஜெசி இருந்தால் இப்போது ஐம்பது வயது. இந்தப் பிள்ளைக்கு முப்பதுக்கு மேல் இருக்காது. அதெல்லாம் எனக்கு விளங்கியது. பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து கால்மணித்தியாலம்கூட ஆகவில்லை.

பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழும்பி, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னே போய், திரும்பி அந்த முகத்தைப் பார்த்தேன்.

"பொன்ஜூர்," என்றாள் அவள், கொஞ்சம் ஆச்சரியத்தோடு.

"பொன்ஜூர்," என்றேன். அடுத்த தரிப்பிடத்தில் மணியை அடித்து இறங்கினேன். அது நான் இறங்கவேண்டிய இடம் இல்லை.